அண்ணனின் டிஸ்க் கருப்பாக இருந்ததாம்: உள்ளுறுப்புகளில் நிறமி படியும் நோய்கள் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 நடுப்பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் அண்ணனுக்கு 44 வயது. முப்பதைத் தாண்டியதிலிருந்தே இடுப்பு வலி. காலையில் எழுந்தால் அரை மணி நேரம் குனிய முடியாது. முதுகெலும்பு அழற்சியால் இறுகிப்போகும் அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று சொல்லிப் பத்து வருடமாக அதற்குத்தான் மாத்திரை. அந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும் எச்எல்ஏ-பி27 என்ற மரபணு அடையாளம் ரத்த டெஸ்டில் நெகட்டிவ் வந்தபோதுகூட "சிலருக்கு அப்படி வரும்" என்று விட்டுவிட்டார்கள். போன மாதம் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தி, இடது கால் மரத்துப்போய், கடைசியில் ஆபரேஷன். முடித்துவிட்டு வெளியே வந்த சர்ஜன் முதலில் சொன்னதே, "டிஸ்க் கரி மாதிரி இருந்தது, நான் இப்படிப் பார்த்ததில்லை" என்பதுதான்.

பயாப்சியில் ஓக்ரோனோசிஸ், அல்காப்டனூரியாவா என்று பார்க்கவும் என எழுதியிருக்கிறது. அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. நானே தேடிப் படிக்கப் போய், மூளையில் நிறமி படியும் நோய்கள், குழந்தைகளுக்குப் பார்வை போகும் நோய்கள் என்று எங்கெங்கோ போய்விட்டேன். தூக்கமே இல்லை. இந்தக் கருப்பு மூளைக்கும் போகுமா? எல்லாம் ஒரே நோயின் வெவ்வேறு கட்டங்களா?

#2 பழைய நுண்ணோக்கி

தம்பி, முதலில் கடைசிக் கேள்விக்கு. இல்லை. ஒரே நோய் இல்லை. நிறம் ஒன்று போலத் தெரிவதால் ஒரே பக்கத்தில் போட்டு எழுதிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

நான் பேத்தாலஜி லேபில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன், டாக்டர் இல்லை. எங்கள் மேஜைக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு திசு வந்தால், நிறத்தை வைத்துப் பெயர் சொல்ல மாட்டோம். அது எதனால் ஆனது என்று சாயம் போட்டுக் கேட்போம். பெர்ல்ஸ் சாயத்தில் நீலமானால் இரும்பு, அதாவது ஹீமோசிடரின். ஃபோன்டானா-மேசனில் கறுத்து, பிளீச் செய்தால் வெளுத்தால் மெலனின். புற ஊதா ஒளியில் தானாகவே மஞ்சளாக மினுங்கினால் லிபோஃபுசின் வகை, அதாவது செல்லுக்குள் உடைபடாமல் தங்கிப்போன கழிவு. நான்கு பேர் பழுப்புச் சட்டை போட்டிருந்தால் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள்.

உங்கள் அண்ணனுக்கு எழுதியிருப்பது இவை எதுவுமில்லை. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடம்பு படிப்படியாக உடைக்கும்போது நடுவில் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்று ஒன்று வரும். அதை அடுத்த படிக்குத் தள்ளும் நொதி வேலை செய்யாவிட்டால் அது தேங்கும், அதுதான் அல்காப்டனூரியா. பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். மிச்சம் மெல்ல ஆக்சிஜனேற்றமாகி, ஒன்றோடொன்று கோத்து, குருத்தெலும்பிலும் தசைநாணிலும் கருப்பாக ஒட்டிக்கொள்ளும். 1866இல் விர்ஷோ இதற்கு ஓக்ரோனோசிஸ் என்று பெயர் வைத்தார். கண்ணுக்குக் கருப்பாகத் தெரிந்தது, நுண்ணோக்கியில் காவிமண் மஞ்சளாகத் தெரிந்ததாம். அந்தக் காவிமண்தான் 'ஓக்கர்'.

நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். காது மடல் நீலம் பாரித்திருக்கிறதா? கண் வெள்ளையில் கருவிழிக்குப் பக்கத்தில் சாம்பல் திட்டு உண்டா? சிறுநீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் மூடாமல் வைத்தால் சில மணி நேரத்தில் கறுக்கிறதா? சிறுநீரகக் கல் வந்திருக்கிறதா?

#3 நடுப்பிள்ளை

ஐயா, படித்ததும் கை நடுங்கிவிட்டது. கல் இரண்டு தடவை வந்திருக்கிறது. கண்ணில் இரண்டு பக்கமும் சாம்பல் திட்டு இருக்கிறது. அது பிறந்ததிலிருந்து உள்ள மச்சம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். காது... இவ்வளவு வருடம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், பார்த்ததே இல்லை. இன்று வெளிச்சத்தில் பார்த்தால் மடலின் உள்வளைவில் மை தடவியது போல இருக்கிறது. பாட்டில் இன்று இரவு வைக்கிறோம்.

#4 மஞ்சள்கண்ணன்

பயப்படாதீர்கள் சகோ. கருப்பு என்றாலே கெடுதல் என்று நினைக்க வேண்டாம் என்பதற்கு நானே சாட்சி. எனக்கு 29 வயதில் பித்தப்பையை எடுக்க லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். உள்ளே கேமராவை விட்டால் கல்லீரல் கன்னங்கரேல் என்று இருந்ததாம். மயக்கம் தெளிந்து நான் எழுவதற்குள் வீட்டில் அழுது முடித்துவிட்டார்கள்.

கடைசியில் அது டியூபின்-ஜான்சன் சின்ட்ரோம். 1954இல் எழுதிய இருவரின் பெயர். பழைய சிவப்பணு உடைந்து வரும் மஞ்சள் பொருளான பிலிரூபினைக் கல்லீரல் பக்குவப்படுத்தி வைத்துவிடும், ஆனால் பித்தத்துக்குள் தள்ளிவிடும் எம்ஆர்பி2 என்கிற பம்ப் பழுது. அதனால் கண் லேசாக மஞ்சளிக்கும் (என் பெயரைப் பார்த்தாலே தெரியும்). வெளியேற முடியாத வேறு சில பொருட்கள் கல்லீரல் செல்லுக்குள்ளேயே கருநிறமியாகத் தங்கும். கல்லீரலின் மற்ற டெஸ்ட்கள் எல்லாம் நார்மல். சிகிச்சை கிடையாது, தேவையும் கிடையாது. கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரையிலும் மஞ்சள் கொஞ்சம் கூடும் என்பதால் என் தங்கையிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்.

பார்க்கப் பயங்கரம், உள்ளே ஒன்றுமில்லை.

#5 கைப்பிடி

எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை மஞ்சள்கண்ணன்.

என் மகனுக்கு ஆறு வயதில் போர்டு தெரியவில்லை என்று கண்ணாடி போட்டோம். மாற்றி மாற்றி மூன்று கண்ணாடி. ஏழரை வயதில் விழித்திரையே பழுது என்றார்கள். ஒன்பதில் முதல் வலிப்பு. அதற்குப் பிறகுதான் ஒரு நரம்பியல் மருத்துவர் ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார், வெள்ளை அணுக்களில் குமிழ்கள். மரபணு டெஸ்டில் சிஎல்என்3. பேட்டன் நோய்.

இப்போது அவனுக்கு 15. பேச்சு குறைந்துவிட்டது. பாட்டுக் கேட்டால் சிரிக்கிறான்.

#6 நடுப்பிள்ளை

அம்மா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் படித்துப் பயந்ததே இந்த நோயைத்தான். உங்களிடம் அதைப் பற்றி எழுதிவிட்டேனே என்று வருத்தமாக இருக்கிறது.

#7 கைப்பிடி

அதெல்லாம் இல்லை தம்பி. பெயர் தெரிந்தவர்கள் எழுதினால்தான் அடுத்தவர் மூன்று கண்ணாடி மாற்றாமல் இருப்பார்கள். நல்ல கண்ணாடி போட்டும் பார்வை வேகமாகக் குறையும் குழந்தை, கூடவே பள்ளியில் பின்தங்கினால், கண்ணோடு நிறுத்தாதீர்கள். எனக்கு அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

#8 நரம்பியல் மாணவி

கைப்பிடி அக்கா எழுதியதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். (நரம்பியல் மேற்படிப்பில் இருக்கிறேன். இங்கே எழுதுவது பொதுத் தகவல், யாருக்கும் மருத்துவ ஆலோசனை அல்ல.)

பேட்டன் என்பது ஒரு குடும்பப் பெயர். நியூரோனல் சீராய்டு லிபோஃபுசினோசிஸ் என்பது முழுப்பெயர், இதுவரை 13 மரபணுக்கள் தெரியும். ஸ்டெங்கல் என்பவர் 1826இலேயே நார்வேயில் ஒரு குடும்பத்தின் நான்கு குழந்தைகளைப் பற்றி எழுதிவிட்டார். பேட்டன் எழுதியது 1903இல். செல்லின் குப்பைக் கூடை என்று லைசோசோமைச் சொல்வார்கள். அதில் ஏதாவது ஒரு நொதியோ புரதமோ இல்லாமல் போனால், உடைபடாத மிச்சம் பழுப்பு நிறமியாகச் சேரும். எல்லா உறுப்பிலும்தான் சேருகிறது. ஆனால் நரம்புச் செல் புதிதாகப் பிறக்காது, பழசை வைத்தே ஓட்ட வேண்டும், அதனால் முதலில் விழுவது மூளையும் விழித்திரையும்.

இங்கே ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: அந்த நிறமிதான் கொல்கிறதா? அப்படித் தெரியவில்லை. வயதான எல்லோருடைய இதயத்திலும் மூளையிலும் லிபோஃபுசின் இருக்கிறது. பேட்டனில் அது லைசோசோம் பழுதாகிவிட்டதன் தடயம். தடயத்தை மட்டும் துடைத்தால் பழுது போகாது. அதனால்தான் பலன் கண்ட சிகிச்சை நிறமியைக் குறிவைக்கவில்லை. சிஎல்என்2 என்ற வகையில் இல்லாத நொதியையே கொடுக்கிறார்கள், செர்லிபோனேஸ் ஆல்ஃபா, 2017 முதல். ரத்தத்தில் கொடுத்தால் மூளைக்குள் போகாது என்பதால் மண்டைக்குள் ஒரு குழாய் பொருத்தி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூளை அறைகளுக்குள்ளேயே ஏற்றுகிறார்கள். நோயை நிறுத்துவதில்லை, நடை குறைவதை மெதுவாக்குகிறது. சிஎல்என்3இல் பழுதாவது லைசோசோம் சவ்வில் உட்கார்ந்திருக்கும் புரதம், வெளியிலிருந்து ஊற்றி நிரப்ப முடியாது. அக்கா இதையெல்லாம் என்னைவிட நன்றாக அறிவார்.

நடுப்பிள்ளை, உங்கள் அண்ணன் விஷயத்தில்: அல்காப்டனூரியாவில் மூளைத் திசு அழிவது வழக்கமில்லை. நரம்புக்கு வரும் தொல்லை அநேகமாக முதுகெலும்பு வழியாகத்தான், அவருக்கு நடந்தது போல.

#9 வாசிப்பவன்

ஒரு கேள்வி. மூளையில் இயல்பாகவே கருப்பு இடம் உண்டு இல்லையா? அப்படியானால் அதுவும் நோயா?

#10 நரம்பியல் மாணவி

நல்ல கேள்வி. சப்ஸ்டான்ஷியா நைக்ரா, பெயரே கரும்பொருள் என்று அர்த்தம். நியூரோமெலனின் அங்கே இருக்க வேண்டிய நிறமி. பார்க்கின்சன் நோயில் அந்தச் செல்கள் செத்து அந்த இடம் வெளுத்துப்போகும். அங்கே கருப்பு போனால்தான் நோய்!

#11 எதிரொலி

எங்கள் வீட்டுக் கதையும் இங்கே சேரும் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு 58 வயதில் காது கேட்பது குறைந்தது. வயசாகிறது என்று மெஷின் வாங்கிக் கொடுத்தோம். அப்புறம் நடை தள்ளாட ஆரம்பித்தது. குடித்திருக்கிறாரா என்று உறவுக்காரர்கள் கேட்கும் அளவுக்கு. வாசனையும் தெரியவில்லை என்றார், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரும்பைக் காட்டும் எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் மூளையின் விளிம்பு முழுக்க மையால் கோடு போட்ட மாதிரி கருப்பு. சூப்பர்ஃபிஷியல் சிடரோசிஸ்.

டாக்டர் விளக்கியது: மூளையைச் சுற்றியுள்ள நீரில் வருடக்கணக்கில் துளித்துளியாக ரத்தம் கசிந்திருக்கிறது. ரத்தத்தின் இரும்பு ஹீமோசிடரினாக மூளையின் மேற்பரப்பில் படிந்துவிட்டது. செவி நரம்பும் சிறுமூளையும்தான் இதற்கு முதலில் பலியாகுமாம். காரணம் தேடினால், 25 வருடத்துக்கு முன் வண்டியிலிருந்து விழுந்தது! முதுகுத் தண்டின் உறையில் அன்று விழுந்த கிழிசல் மூடவே இல்லை. அதை ஆபரேஷன் செய்து அடைத்தார்கள். இரும்பை எடுக்க டெஃபெரிப்ரோன் மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் வெள்ளை அணு திடீரென்று விழலாம் என்பதால் அடிக்கடி ரத்த டெஸ்ட். போன காது திரும்பவில்லை. தள்ளாட்டம் அதற்கு மேல் கூடவும் இல்லை.

வயதானவருக்குக் காதும் நடையும் சேர்ந்து போனால் ஒரு தடவையாவது அந்த எம்ஆர்ஐ எடுத்துப் பாருங்கள்.

#12 சுத்தம்சுகம்

இத்தனை பேர் எழுதியும் மூல காரணத்தை யாரும் தொடவில்லை. உடம்பில் கழிவு சேர்ந்தால் நிறம் மாறும். குடலைச் சுத்தம் செய்தாலே பாதி நோய் போகும். நான் பல வருடமாக மாதம் பத்து நாள் சென்னா இலைப் பொடி எடுத்துச் சுத்தம் செய்கிறேன், எந்த நிறமியும் என்னை அண்டாது. வேண்டுமானால் தனிச்செய்தியில் அளவு சொல்கிறேன்.

#13 பழைய நுண்ணோக்கி

நண்பரே, கோபப்படாமல் படியுங்கள். என் மேஜைக்கு வந்த கறுத்த குடல்களில் கணிசமானவை உங்கள் பொடியைத் தின்றவர்களுடையவைதான். மெலனோசிஸ் கோலை என்று பெயர். சென்னா போன்ற பேதி மருந்துகளில் ஆந்த்ராகுவினோன் இருக்கிறது. மாதக்கணக்கில் எடுத்தால் பெருங்குடல் உள்சவ்வின் செல்கள் செத்து, அந்த மிச்சத்தை விழுங்கிய செல்கள் பழுப்பாகி, சிறுத்தைத் தோல் மாதிரி ஆகிவிடும். பெயரில்தான் மெலனின், உண்மையில் அது லிபோஃபுசின் வகை. நிறுத்தினால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் தானே போய்விடும், ஆபத்தும் இல்லை. ஆனால் நிறமி அண்டாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த தடவை கொலனோஸ்கோப்பி செய்தால் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

#14 மஞ்சள்கண்ணன்

😂😂 ஐயா, இதை ஃபிரேம் போட்டு மாட்ட வேண்டும்.

#15 சுத்தம்சுகம்

எல்லாம் மருந்துக் கம்பெனிகள் சொல்வது. நான் விலகிக்கொள்கிறேன்.

#16 வாசிப்பவன்

இழையிலிருந்து விலகுவதற்கு மன்னிக்கவும். மூளையில் இரும்பு படியும் ஒரு நோய்க்கு ஹாலர்வோர்டன்-ஸ்பாட்ஸ் என்று பழைய கட்டுரையில் இருக்கிறது. புதியவற்றில் அந்தப் பெயரே இல்லை. ஏன்?

#17 நரம்பியல் மாணவி

வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். அந்த இருவரும் 1922இல் அந்த நோயை எழுதினார்கள். பிறகு நாஜி ஆட்சியில் கருணைக்கொலை என்ற பெயரில் கொல்லப்பட்டவர்களின் மூளைகளை ஹாலர்வோர்டன் ஆய்வுக்கு வாங்கிக்கொண்டார். 2001இல் அந்த நோய்க்குக் காரணமான பான்க்2 (PANK2) மரபணு தெரிந்தபின் அதன் பெயரிலேயே நோயைச் சொல்லும் வழக்கம் வந்தது, பிகேஏஎன். எம்ஆர்ஐயில் புலிக்கண் போல நடுவில் வெளுப்பும் சுற்றிக் கருப்பும் தெரியும். பரீட்சையில் நிச்சயம் கேட்பார்கள் என்பதால் எனக்கு மறக்காது.

#18 நடுப்பிள்ளை

பாட்டில் முடிவு: சாயங்காலம் வெளிர் மஞ்சள். காலையில் பார்த்தால் கடுங்காப்பி. அண்ணன் பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "44 வருஷமா தினமும் இதைத்தான் ஃபிளஷ் பண்ணியிருக்கேன்" என்றான்.

அடுத்து என்ன டெஸ்ட்? மருந்து இருக்கிறதா? வைட்டமின் சி போதும் என்று ஒருவர் சொன்னார்.

#19 பழைய நுண்ணோக்கி

சிறுநீரில் ஹோமோஜென்டிசிக் அமிலத்தை அளந்துதான் உறுதி செய்ய வேண்டும். 24 மணி நேரச் சிறுநீர் கேட்பார்கள், கறுக்காமல் இருக்க அமிலம் சேர்த்த பாட்டிலை லேபே தரும், வீட்டுப் பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள். அப்புறம் மரபணு டெஸ்ட், எச்ஜிடி என்று பெயர். பழைய பெனடிக்ட் கரைசலில் இந்தச் சிறுநீர் சர்க்கரை இருப்பது போலக் காட்டும், ஸ்ட்ரிப்பில் காட்டாது. எங்கள் காலத்தில் அப்படித்தான் சிலருக்குச் சர்க்கரை நோய் என்று பட்டம் கட்டிவிடுவார்கள்.

கூடவே எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கச் சொல்லுங்கள். ஐம்பதுக்கு மேல் இதயத்தின் அயோர்ட்டா வால்வு இறுகலாம். குதிகால் நாண் சுலபமாக அறுந்துவிடும், கால் ஊன்றிக் குதிக்கும் விளையாட்டெல்லாம் வேண்டாம்.

வைட்டமின் சி: ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்று கொடுத்துப் பார்த்தார்கள், பலன் நிரூபணமாகவில்லை. கல் வந்த சிறுநீரகம் வேறு, நிறையத் தின்னவே வேண்டாம்.

#20 நரம்பியல் மாணவி

மருந்து இருக்கிறது. நிட்டிசினோன். அதன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாட்டில் பிரஷ் செடியின் அடியில் களை முளைப்பதில்லை என்று கவனித்து, அந்தச் செடியின் வேதிப்பொருளைப் பார்த்து ஒரு களைக்கொல்லி வரிசை செய்தார்கள். அதில் ஒன்று டைரோசின் உடையும் பாதையை ஒரு படி முன்னாலேயே அடைப்பது தெரிந்தது. 1990களில் டைரோசினீமியா என்ற வேறொரு பிறவி நோய்க் குழந்தைகளைக் காப்பாற்றியது. அல்காப்டனூரியாவுக்கு 138 பேரிடம் நான்கு ஆண்டு நடந்த சோதனையில், தினம் 10 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குச் சிறுநீரில் அந்த அமிலம் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நோய் ஏறும் வேகமும் குறைந்தது. ஐரோப்பாவில் 2020இல் அனுமதி கொடுத்தார்கள்.

இரண்டு விஷயம். படிந்த கருப்பைக் கரைத்துத் தேய்ந்த மூட்டைத் திருப்பித் தராது, இனி படிவதைத்தான் தடுக்கும். முன்னால் அடைப்பதால் ரத்தத்தில் டைரோசின் ஏறும், அது கருவிழியில் படிகமாகப் படிந்து எரிச்சல் தரலாம். அதனால் புரதத்தைக் குறைத்த உணவும், கண் பரிசோதனையும் சேர்ந்தே வரும். கண் சிவந்து வெளிச்சம் கூசினால் உடனே சொல்லிவிட வேண்டும்.

இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் நோய். 1902இல் ஆர்ச்சிபால்ட் கேரோட் என்ற ஆங்கில மருத்துவர் இந்த நோயை வைத்துத்தான் மனிதரில் மெண்டலின் மரபு விதி செல்லும் என்று காட்டினார். நோயாளிகளின் பெற்றோரில் பலர் நெருங்கிய உறவில் மணந்தவர்கள் என்று அவர் கவனித்தார். உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நீங்களும் பாட்டில் வைத்துப் பார்த்தீர்களா?

#21 நடுப்பிள்ளை

வைத்தேன். என்னுடையது இரண்டு நாளாகியும் மாறவில்லை. தங்கை வெளியூரில் இருக்கிறாள், சொல்லியிருக்கிறேன்.

#22 கைப்பிடி

தங்கைக்கு எத்தனை வயது? இருந்தால்கூட இப்போதே தெரிவது நல்லது தம்பி. உங்கள் அண்ணனுக்குக் கிடைக்காத பத்து வருடம் அவளுக்குக் கிடைக்கும். மருந்து உள்ள நோய். அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

#23 நடுப்பிள்ளை (மூன்று வாரம் கழித்து)

அண்ணனுக்கு உறுதியாகிவிட்டது. எக்கோவில் வால்வு லேசாகத் தடித்திருக்கிறது, வருடம் ஒரு முறை பார்த்தால் போதும் என்றார்கள். நிட்டிசினோன் வரவழைக்க எழுதியிருக்கிறார்கள். ஸ்பாண்டிலைட்டிஸ் மாத்திரையை நிறுத்தியாயிற்று.

தங்கைக்கு 36. அவளுக்கும் இருக்கிறது. இதுவரை வலி எதுவும் இல்லை.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்போ அது சோப்போட குத்தம் இல்லையா?" என்றார். எனக்குப் புரியவில்லை. குழந்தைத் துணியில் காவிக்கறை விழுமாம், சோப்பு போடப் போட இன்னும் கறுக்குமாம். நாலு சோப்பு மாற்றிப் பார்த்தாராம். "உன் துணி நல்லா வெளுக்கும். அவனுதும் சின்னவளுதும்தான் போகவே போகாது."

#24 பழைய நுண்ணோக்கி

சோப்பில் காரம் இருக்கிறது தம்பி. காரம் பட்டால் அது உடனே கறுக்கும். அம்மா சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.